ஐதர் காலத்துத் தவலை

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மண்ணூரிலும் அதைச் சுற்றியிருந்த ஊர்களிலும் சிறுபிள்ளைகளாக இருந்தவர்களுக்கு ஏரி, மாரியம்மன் கோயில், பாரதக் கூத்து நடக்கிற திடல் இவற்றோடு ஊருக்கு ஒரு புதையலும் சொந்தமாக இருந்தது. பார்த்தவர் ஒருவருமில்லை, ஆனால் இருக்கிற இடம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் புதையல் ஏரிக்கு மேற்கே, பனைமரங்கள் நின்ற ஒரு மேட்டுக்கு அடியில் கிடந்தது. ஏழு செப்புத் தவலைகள், ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்தவை. அமாவாசை ராத்திரியில் அவை பூமிக்குள்ளேயே இடம் மாறும், சங்கிலி இழுபடுகிற சத்தம் கேட்கும் என்பாள் ஆயா. திண்ணையில் கோரைப்பாய் விரித்து, ஆயாவின் முந்தானைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டால், தவளைகளின் கூச்சலுக்கும் பனையோலைகளின் சலசலப்புக்கும் நடுவே அந்தச் சத்தம் கேட்கத்தான் செய்தது. உங்களுக்கும் இப்படி ஒரு மேடோ பாழ்மண்டபமோ தூர்ந்த கிணறோ இருந்திருக்கும், அதன் பக்கமாகப் பொழுது சாய்ந்தபின் போகக்கூடாது என்று சொல்லிவைத்த ஒரு ஆயாவும் இருந்திருப்பாள்.

“யாரு ஆயா பொதச்சது?”

“ஐதரு கலாபத்துல ஓடிப்போனவங்கடா. திரும்பி வந்து எடுத்துக்கலாம்னு பொதச்சிட்டுப் போனாங்க. வரல.”

பூதத்தையும் பாம்பையும் சங்கிலியையும் நான் நம்பிய வயதில் இந்தப் பதிலை மட்டும் நம்பவில்லை. ஐதர் என்பவரும் கதைக்குள் இருக்கிற இன்னொரு பூதம் என்றே நினைத்திருந்தேன். பள்ளிப் பாடத்தில் ஐதர் அலி மைசூரில் இருந்தார், எங்கள் ஏரிக்கரைக்கு அவர் ஏன் வரப்போகிறார்? பிறகு, தலை நரைக்கத் தொடங்கிய காலத்தில், பழைய புத்தகங்களைத் தேடிப் படித்தபோதுதான் ஆயா சொன்னதில் பூதத்தை நீக்கிவிட்டால் மிச்சம் முழுவதும் சரித்திரம் என்று தெரிந்தது.

1780 ஜூலையில் ஐதர் அலியின் பெரும்படை மலைக்கணவாய்கள் வழியாக ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. குதிரைப்படை வருகிறது என்ற சேதி முன்னால் ஓடிவர, செங்கல்பட்டுச் சீமை ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையைச் செப்டம்பர் 6ஆம் தேதி ஐதரின் மகன் திப்பு மறித்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? பேரம்பாக்கத்தில்! எங்கள் ஊரிலிருந்து சந்தைக்கும் கல்யாணத்துக்கும் பஸ் ஏறிப் போகிற அதே பேரம்பாக்கம். நான்கு நாள் கழித்து, 10ஆம் தேதி, புள்ளலூரில் பெய்லியின் படை முற்றாக அழிந்தது. காஞ்சிபுரத்தில் காத்திருந்த ஜெனரல் ஹெக்டர் மன்ரோ தன் கனத்த பீரங்கிகளை அங்கேயே ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கித் திரும்பினார். ஒரு தளபதியே பீரங்கியைக் குளத்தில் போட்டுவிட்டு ஓடும்போது, நான்கு காணி நிலமும் இரண்டு ஜோடி மாடும் வைத்திருந்த ஒரு குடும்பம் காசு மாலையையும் வெள்ளிக் கொலுசையும் என்ன செய்திருக்கும்? தலையில் சுமந்துகொண்டு போனால் வழியில் பறிபோகும், வீட்டில் விட்டால் வீட்டோடு போகும். அடுப்படியிலோ மாட்டுக்கொட்டகை மூலையிலோ, அல்லது ஊருக்கு வெளியே அடையாளத்துக்கு ஒரு பனைமரம் பார்த்தோ, குழி தோண்டிப் புதைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியிருப்பார்கள்.

வந்து எடுக்க முடியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. படைக்குப் பின்னால் பஞ்சம் வந்தது. 1781இலும் 1782இலும் சென்னைக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் அந்தப் பட்டணத்துத் தெருக்களிலேயே செத்தார்கள். குழி தோண்டிய கை போனபோது அடையாளமும் போயிற்று. தகப்பன் சாகும்போது மகனிடம் “மேட்டுப் பனைக்குக் கெழக்க ஏழடி” என்று சொல்லியிருக்கலாம், அந்த மகன் ஊர் திரும்ப இன்னும் சில வருஷம் ஆகியிருக்கலாம், அதற்குள் பனை விழுந்திருக்கலாம். அந்தப் போருக்குச் சில ஆண்டுகள் முன்னால், 1767இலிருந்து 1774 வரைக்கும், தாமஸ் பர்னார்டு என்ற கும்பினி எஞ்சினீயர் இந்தச் சீமையின் சுமார் 2,000 ஊர்களை அளந்து, வீடுகளையும் ஏரிகளையும் கணக்கெடுத்து வைத்திருந்தார். அந்தக் கணக்கில் உயிரோடிருக்கிற ஊர்களை வாசிக்கும்போது, அவற்றின் மேல் அடுத்து என்ன வரப்போகிறது என்பது தெரிந்த நமக்கு மனம் கனக்கிறது. ஏழு தவலை என்று ஊர் சொன்னது ஒருவேளை ஏழு குடும்பங்களின் சேமிப்பாக இருந்திருக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

போர் இல்லாத காலத்திலும் மண்தான் எங்களவர்களுக்குப் பெட்டி. தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கி இந்தியாவுக்கு வந்தது 1882இல்தான். சென்னையில் பெரிய பெயரோடு இருந்த அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் திவாலானது. ஜமீன்தார்கள் முதல் விதவைகள் வரை போட்டிருந்த பணம் போயிற்று, அந்த அடியிலிருந்துதான் அடுத்த வருஷம் இந்தியன் வங்கி பிறந்தது. அந்தத் திவால் சேதி எங்கள் ஊர் வரை வந்து இரண்டு தலைமுறை தங்கியிருந்தது. “பேங்கிக்காரன் ஓடிப்புடுவான், மண்ணு ஓடாது” என்று என் தாத்தா சொல்லி நானே கேட்டிருக்கிறேன். 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 1968இல் அது சட்டமாகி, 1990 வரை நீடித்தபோது, கட்டித் தங்கம் வைத்திருந்த வசதியானவர்களும் சத்தமில்லாமல் சுவரையும் தரையையும் நாடினார்கள். 2016 நவம்பரில் எங்கள் தெருக் கிழவிகள் அரிசிப் பானைக்கு அடியிலிருந்தும் பரணில் இருந்த தலையணையிலிருந்தும் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றதைப் பார்த்தபோது, ஐதர் காலத்துப் பெண்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தவலையைத் தேடாமல் ஊர் சும்மா இருந்ததா என்ன! மை போட்டுப் பார்க்கிறவர் ஒருவரை வேலூர்ப் பக்கத்திலிருந்து அழைத்து வந்தார்கள். வெற்றிலையில் மையைத் தடவி, அரிக்கேன் விளக்குக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்த ஒரு சிறுவனின் கையில் கொடுத்து, “அனுமார் தெரியறாரா? பெருக்கறாரா? தண்ணி தெளிக்கறாரா?” என்று கேட்பார். அந்தச் சிறுவனாக என்னை உட்காரவைத்தார்கள். மையின் பளபளப்பில் விளக்குச் சுடர் ஆடியது, சுடருக்குள் ஏதோ அசைந்தது, சுற்றி நின்ற பெரியவர்களின் மூச்சு என் கழுத்தில் பட்டது. தெரிகிறார் என்றேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர் தெரியவே செய்தார். ஊரே வாயைப் பார்க்கும்படி ஒரு வார்த்தை சொல்கிற பாக்கியம் அதற்குப் பிறகு வாழ்க்கையில் எனக்கு வாய்க்கவில்லை. மைக்காரருக்கு ஒரு சேவலும் ஒரு மரக்கால் நெல்லும் ஒரு வேட்டியும் கிடைத்தன. இன்றைக்கு இரிடியம் என்றும் கோபுரக் கலசம் என்றும் அரிசியை இழுக்கிற செம்பு என்றும் கைப்பேசியில் வலைவிரிக்கிறவர்கள் லட்சக்கணக்கில் சுருட்டிக்கொண்டு போகிறார்கள், போலீஸ் வழக்கு மேல் வழக்காகப் போட்டும் நிற்கவில்லை. சேவலோடு திருப்திப்பட்ட அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு வாஞ்சை உண்டாகிறது.

மைக்காரர் காட்டிய இடத்தில் பெரியப்பாவும் நாலைந்து பேரும் கடப்பாரையோடு இறங்கினார்கள். இடுப்பளவு போனதும் வட்டமாக அடுக்கிய கருங்கற்கள் வந்தன. அதற்குக் கீழே குட்டைக் கால்கள் வைத்த ஒரு மண் தொட்டி, உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமான கலயங்கள், துருவேறி உருத்தெரியாமல் போன இரும்புத் துண்டுகள், கொஞ்சம் எலும்பு. ஒருவரும் பேசவில்லை. பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “நம்மளுக்கு முன்னால இருந்தவங்க. மூடிடுங்கடா” என்றார். மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்திவிட்டு, ஏரியில் முழுகி எழுந்து வீட்டுக்கு வந்தார்கள்.

அவர்கள் பார்த்தது பெருங்கற்கால ஈமக்குழி. செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் இத்தகைய கல்வட்டங்கள் பரவிக்கிடக்கின்றன. மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் தொல்லியல் துறை 1950இலும் 1952இலும் தோண்டி ஆராய்ந்திருக்கிறது, பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மண் ஈமப்பேழைகளைக் கண்டெடுத்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் படுத்திருக்கிற நம் முன்னவர்களோடு சோற்றுக் கலயமும் ஈட்டியும் பாசிமணியும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், தங்கம் மிக அபூர்வம். அதே ரீ 1899க்கும் 1905க்கும் இடையில் ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது தாழிகளில் தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. ஒரு ஊரில் ஒரு தடவை கிடைத்த தங்கம் நூறு ஊர்களில் நூறு வருஷத்துக்குக் கடப்பாரை பிடிக்க வைத்துவிடுகிறது. பாண்டவர் குழி என்று சில ஊர்களிலும், பூதம் காக்கிற மேடு என்று சில ஊர்களிலும் சொல்வது பெரும்பாலும் இந்தச் சவக்குழிகளைத்தான். பூதம் காத்தது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பயம் இல்லாவிட்டால் ஒரு கல்வட்டம்கூட நம் காலம் வரை தப்பியிருக்காது.

நிஜமாகவே பொன்னாகக் கிடைத்ததும் உண்டு. புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சிக்குப் பக்கத்தில் 1898இல் ஒரு பானையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் வெளிப்பட்டன. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருந்தது, காசாகச் செல்லாது, தங்கமாக நிறுத்துத்தான் மதிப்பு என்று காட்டுகிற வெட்டு. மிளகுக்கும் முத்துக்கும் விலையாகக் கடல் கடந்து வந்த காசு அது. திருச்சி திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் 2020 பிப்ரவரியில் ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன, எடை ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்த வருஷ டிசம்பரில் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயிலைத் திருப்பணிக்காகப் பிரித்தபோது, கருவறைக்கு முன்னாலிருந்த படிக்கட்டுக்கு அடியில் 565 கிராம் தங்கம். எங்கள் சாமிக்கு எங்கள் முன்னோர் வைத்தது, மறுபடி அங்கேயே வைப்போம் என்று ஊர் மக்கள் அதிகாரிகளிடம் வாதாடினார்கள், கடைசியில் அரசுக் கருவூலத்துக்குப் போயிற்று. சட்டப்படி அதிகாரிகள் பக்கம் சரி. ஆனாலும் வைத்த இடத்திலேயே வைக்கவேண்டும் என்று நின்ற அந்த ஜனங்களை நான் மனசார மதிக்கிறேன்.

கோயில்களில் ஒளித்தவை பெரும்பாலும் காசல்ல, சாமிகளே. 1688இல் முகலாயப் படை வருமென்று அஞ்சிக் காஞ்சிபுரத்து மூர்த்திகளை ரகசியமாக வெளியே கொண்டுபோனார்கள். வரதராஜர் உடையார்பாளையத்துக் காட்டுப்பக்கம் தங்கியிருந்து 1710இல்தான் திரும்பினார், அந்தச் செய்தி கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. அவர் திரும்பி வந்தார். திரும்பாமல் மண்ணுக்குள் தங்கிவிட்ட திருமேனிகள் எத்தனையோ. சீர்காழி சட்டநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும் தேவாரம் பொறித்த 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் எழுந்து வந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நகையை ஒளித்தவர்கள் உண்டு, பாட்டை ஒளித்துக் காப்பாற்றிய ஊரும் ஒன்று இருந்திருக்கிறதே!

காஞ்சி வரதராஜர் கோயில் குளத்துக்குள் இருக்கிற அத்திவரதரையும் இதில் சேர்க்கத்தான் வேண்டும். 1979இல் ஆயாவோடு காஞ்சிக்குப் போய்ப் பார்த்தேன். கூட்டம் இருந்தது, ஆனால் மூச்சுவிட இடமும் இருந்தது, குளத்தங்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட நிழலும் கிடைத்தது. 2019இல் 48 நாள் தரிசனம். ஆயா இல்லை, நான் பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நெரிசலில் நகர்ந்தேன், கட்டுச்சோறு பையிலேயே இருந்தது. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை எடுப்போம் என்று தண்ணீருக்குள் வைத்து, சொன்ன சொல் தவறாமல் எடுக்கிற புதையல் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இதற்குள் எங்கள் பக்கத்து மண்ணுக்கே வேறு காலம் வந்துவிட்டது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் போட்டபோது வேடிக்கை பார்க்கச் சைக்கிளில் போன பையன்கள் சிலர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். 1998இல் அங்கிருந்து முதல் கார் வந்தது, 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் அது மூடிப்போனது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது. தாத்தா நெல் விளைத்த நிலத்தைப் புரோக்கர்கள் சென்ட் கணக்கில் பேசினார்கள். ராத்திரி ஷிப்ட் விளக்குகளில் எங்களுக்கு அமாவாசையே இல்லாமல் போயிற்று. வீட்டில் இருந்த நகைகள் ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் வரிசையாக நிற்கிற அடகுக் கம்பெனிகளின் லாக்கருக்குள் போய் மறுபடி கண்ணுக்கு மறைந்தன. எங்கள் வீட்டு மாடியில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களிடம் தவலைக் கதையைச் சொன்னேன். அவர்கள் ஊரிலும் ஒரு மேடு இருக்கிறது, அதில் ஒரு பாம்பு இருக்கிறது என்று சொன்னபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

எங்கள் பனைமேடு இல்லை. பெரியப்பாவும் கூட்டாளிகளும் ஒரு ராத்திரி முழுக்க இடுப்பளவு தோண்டிய இடத்தை ஜேசிபி ஒரு பகலில் அடியோடு அள்ளியது. மண் டிப்பர் லாரிகளில் ஏறி, எங்கோ ஒரு தாழ்ந்த மனையை நிரப்பப் போயிற்று. அந்தக் கலயங்களும் கால்தொட்டியும் அதோடு போயின. வேலை செய்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேடு இருந்தவரை அதை மிரட்டியாவது காத்த கதை எங்களோடு நின்றுபோனதுதான் வருத்தம். பிள்ளைகளுக்கு நாங்கள் வேலைக்கான படிப்பைக் கொடுத்தோம், அது அவர்களுக்குச் சோறும் வீடும் கொடுத்தது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ராத்திரியில் மண்ணுக்குக் காது கொடுக்கிற பழக்கத்தை அதோடு சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில், கார் கம்பெனிகளுக்குக் கூப்பிடு தூரத்தில், வடக்குப்பட்டு என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருந்த மேட்டைத் தொல்லியல் துறை 2022இல் முறையாக அகழ்ந்தது. தரைமட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர்கூடப் போவதற்குள் கற்கருவிகள் வந்தன, சுமார் 12,000 ஆண்டுப் பழமை என்று அறிவித்தார்கள். ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொருள்கள், பல்லவர் காலத் தொடக்கத்துச் சிற்பங்கள் கிடைத்தன. தங்கமும் கிடைத்தது, இரண்டு கிராம்கூடத் தேறாது. அந்த இரண்டு கிராமுக்காக அந்த மேட்டை மதிப்பிட்டிருந்தால் எவ்வளவு பெரிய நஷ்டம்! கல்லாயுதம் செய்த மனிதன், ரோமாபுரிச் சாடியைத் திறந்த வியாபாரி, பல்லவர் காலத்துச் சிற்பி, இத்தனை பேரும் ஒரே மேட்டில் குடியிருந்திருக்கிறார்கள். ஏழு தவலைப் பொன் கொடுத்தாலும் இந்தச் செய்தியை வாங்க முடியாது.

உங்கள் ஊரிலும் ஒரு மேடு மிச்சமிருக்கலாம். அஸ்திவாரமோ கிணறோ தோண்டும்போது கறுப்பு சிவப்புப் பானை ஓடோ, வட்டமாக அடுக்கிய கல்லோ, எழுத்துள்ள செப்புத் தகடோ வந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. உரிமையாளர் யாருமில்லை என்று முடிவானால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தனக்கென்று எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வெறும் ஓடுதானே என்று நினைக்காதீர்கள், போன் செய்து சொல்லுங்கள். ஜேசிபிக்காரத் தம்பியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பள்ளத்தை முதலில் பார்க்கப்போவது அவர்தான்.